உடைந்த கண்ணாடியும் சிமிட்டிப் பலகையும்

நமது ஊர்ப்புறத்து வாய்க்கால் ஓரங்களிலும் குப்பைமேடுகளிலும் உடைந்த கண்ணாடிப் புட்டிகள் கிடக்கக் காண்கிறோம். அவை மக்குவதில்லை, எரிவதுமில்லை. நாற்று நடுவோரின் காலையும் மேயும் மாட்டின் குளம்பையும் அவை கிழிக்கின்றன. இக்கண்ணாடியைச் சிமிட்டி வேலைகளில் பயன்படுத்தலாமா என்பது ஊராட்சி உறுப்பினர்கள் ஆராயத்தக்க வினாவாகும். பயன்படுத்தலாம், ஆனால் முறை தவறினால் ஊராட்சியின் பணம் வீணாகும்.

மண்சுவர் வைப்போர் சேற்றில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பதை நாம் அறிவோம். வைக்கோல் மண்ணை வெடிக்கவிடாமல் பிணைக்கிறது. சிமிட்டியும் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுப்பைத் தாங்காது. அதில் நுண்ணிய இழைகளைக் கலந்தால் சிறு வெடிப்பு பெரிதாக வளர்வது தடைப்படும். துருப்பிடிக்கும் கம்பி இல்லாமையால் பலகையை 10 முதல் 15 மில்லிமீட்டர் கனத்திலேயே வார்க்கவும் இயலும்.

கண்ணாடி இழையே இதற்கு உதவுகிறது. ஆனால் சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமிட்டியிலுள்ள காரம் அரித்துவிடும். 1960களில் பிரிட்டிஷ் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் முதலியோர் சிர்கோனியா சேர்ந்த, காரத்தைத் தாங்கும் இழையை உருவாக்கினர். எனவே பழைய புட்டிகளை உருக்கி இழையாக்கிச் சிமிட்டியில் இடுதல் பொருந்தாது. புட்டிக் கண்ணாடிக்கு உரிய இடம், இழையைச் சூழ்ந்து நிற்கும் சிமிட்டிக் கலவையிலேயே உண்டு.

அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. புட்டிக் கண்ணாடியில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு சிலிக்கா ஆகும். அதனைச் சில்லுகளாகக் கலந்தால், சிமிட்டியின் காரம் சில்லுகளைத் தாக்கிக் களி போன்ற ஒரு பொருளை உண்டாக்கும். அக்களி நீரை உறிஞ்சி உப்பும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். இத்தகைய கேட்டைக் கலிபோர்னியாவில் ஸ்டான்டன் என்ற பொறியாளர் 1940ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். வார்த்தபோது நன்றாகத் தோன்றும் பலகை, சில ஆண்டுகளில் இவ்வாறு பழுதுபடலாம்.

அதே கண்ணாடியை 0.075 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய மாவாக அரைத்தால் தன்மை மாறுகிறது. சிமிட்டி இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் அம்மாவு கூடி, பிணைக்கும் பொருளாகிறது. சிமிட்டியில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை இம்மாவை ஈடாக இடுவது வழக்கம். இக்கலவை மெல்லவே வலுப்பெறும். ஆதலால் நீர் தெளித்துப் பதப்படுத்துவதைக் குறைத்தல் கூடாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை வருமாறு:

1. தூய்மைக் காவலர்களுக்குத் தடித்த கையுறையும் காலணியும் வழங்கிப் புட்டிகளைத் தனியே சேகரித்தல். குழல்விளக்கு, தொலைக்காட்சிப் படக்குழாய், மருத்துவமனைக் கண்ணாடி ஆகியவற்றை ஒதுக்குதல்.

2. புட்டிகளை நன்கு கழுவுதல். சர்க்கரைக் கசடு சிமிட்டி இறுகுவதைக் கெடுக்கும்.

3. பல ஊராட்சிகள் கூடி ஓரிடத்தில் இயந்திரத்தால் அரைப்பித்தல். அரைப்போர் கண்ணையும் மூச்சையும் தூசியிலிருந்து காத்துக்கொள்ளுதல்.

4. மாதிரிப் பலகையின் வலிமையைப் பொறியாளர் மூலம் 28 நாட்களில் சோதித்தல். உப்பும் தன்மையையும் ஆய்வுக்கூடத்தில் அறிதல்.

5. முதலில் நடைபாதைக் கல், தடுப்புப் பலகை போன்ற பாரம் தாங்காத வேலைகளுக்கே பயன்படுத்துதல்.

சில்லு பகை, மாவு நட்பு என்பதை நினைவில் வைத்து உறுப்பினர்கள் செயற்படின், காலைக் கிழித்த கண்ணாடி ஊருக்குப் பயன் தரும் பொருளாக மாறும் என்பது திண்ணம்.