கடைக் கொப்பியும் ஒரு மூலாதாரமே

வரலாறு என்றதும் மன்னர்களும் அவர்கள் கட்டிய குளங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நாம் அறியத்தான் வேண்டும். ஆனால் நோர்வூட்டில் பிறந்த ஒரு சிறு பிள்ளை தன் ஊரின் வரலாற்றை எங்கே படிக்கும்?

எமது பாடசாலைகளில் வரலாறு தனிப்பாடமாகத் தரம் 6இல்தான் ஆரம்பமாகிறது. அதற்கு முன், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தினூடாகவே பிள்ளைகள் தமது ஊரை அறிகின்றனர். அந்த வயதிலேயே முதல்நிலை மூலாதாரங்களை அவர்களின் கையில் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒரு நிகழ்வு நடந்த காலத்தில் உருவான எழுத்து, படம், பொருள், அதனை நேரில் கண்டவரின் வாய்மொழி ஆகியன முதல்நிலை மூலாதாரங்களாகும். அவற்றைக் கொண்டு பின்னர் எழுதப்படுவதே பாடநூல்.

கடந்த விடுமுறையில் தரம் 5இல் படிக்கும் என் தம்பியையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் வைத்து இதனைச் செய்து பார்த்தேன். மூத்தாப்பாவின் சில்லறைக்கடைக் கடன் கொப்பி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்து, “முதலில் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்” என்றேன். கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், வெற்றிலை என்று மாதாமாதம் எழுதப்பட்டிருந்தது. 1972 ஓகஸ்ட் மாதத்துடன் கணக்கு நின்றது. குறுக்கே ஒரு கோடு. அதன் கீழ் “முடிந்தது” என்ற ஒரு சொல்.

“அவர் மௌத்தாகியிருப்பார்” என்றாள் ஒருத்தி. “கடனைக் கொடுக்காமல் ஓடியிருப்பார்” என்றான் தம்பி. “இது கொப்பியில் இருக்கிறதா, நீ நினைப்பதா?” என்று கேட்டேன். அவன் மீண்டும் பார்த்துவிட்டு, “நான் நினைப்பது” என்றான். அன்றைய பாடத்தில் மிக முக்கியமான பதில் அதுதான்.

பிறகு தோட்டத்து லயத்தில் இருக்கும் பாட்டி ஒருவரிடம் எல்லோரும் சென்றோம். பெயரைக் கேட்டதுமே, “அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்க கண்ணு. பித்தளைக் குடத்தை வித்து, கடைக் கடனை அடைச்சிட்டுத்தான் ரயில் ஏறினாங்க” என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போதுதான் பாடநூலின் தகவல் உயிர்பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தானும் தந்தையும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கப் பலரிடம் பத்திரம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்றவர்கள் பலர். அந்தப் பெரிய எண்ணுக்குள் எங்கள் கடைக்கு வந்துபோன ஒரு குடும்பமும் இருந்தது.

இம்முறையில் நான்கு கேள்விகள் போதும். இதில் என்ன தெரிகிறது? யார், எதற்காக எழுதினார்? எதை எழுதாமல் விட்டார்? வேறு யாரிடம் கேட்டு ஒப்பிடலாம்? மூன்றாவது கேள்வியை மறக்கக் கூடாது. கடன் கொப்பி கடைக்காரரின் பார்வை. அதில் குடம் இல்லை. தோட்டத்துப் பதிவேட்டில் கொழுந்தின் எடை இருக்கும். பறித்தவளின் கைவலி இருக்காது. பாட்டியின் நினைவிலும் ஆண்டுகள் மாறிப்போகலாம். ஆகவே ஒரு மூலாதாரத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது தவறு.

பெற்றோரே, வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய பிறப்புச் சான்றிதழ், கடிதம், சம்பளத் துண்டு, நிழற்படம் என்பவற்றை எரித்துவிடாதீர்கள். நிழற்படத்தின் பின்னால் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். அந்தக் கணக்கைப் பற்றி மூத்தாப்பாவிடமே கேட்டிருக்கலாம். அவர் இருந்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.