புற்றுநோயும் உடலுழைப்பும்

1981-இல் தொடங்கப்பெற்ற தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம், வளர்ச்சியோடு நோயின் போக்கும் மாறிவருவதைக் காட்டுகிறது. 1980-களில் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. இன்று அவ்விடம் மார்பகப் புற்றுநோய்க்குரியது. காலந்தாழ்ந்த மகப்பேறு, உடற்பருமன், உட்கார்ந்தே செய்யும் பணி ஆகியன இது பெருகத் துணைபுரிகின்றன.

இரத்தத்தில் இன்சுலினும் ஈஸ்ட்ரோஜனும் மிகுந்தால் உயிரணுக்கள் பெருகத் தூண்டப்பெறும். உடலியக்கம் இம்மிகுதியைத் தணிக்கிறது; மார்பகம், பெருங்குடல் ஆகியவற்றில் இதன் பயன் தெளிவாகவே புலப்பட்டுள்ளது. ஆயினும் இந்திய ஆண்களிடையே மிகுந்து காணப்படும் வாய்ப்புற்றுநோய்க்குத் தலையாய காரணம் புகையிலை. அதனை மெல்பவர் எவ்வளவு நடந்தாலும் அத்தீங்கு நீங்காது.

வயதுவந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நடைபாதையற்ற நகரில் இவ்வறிவுரை ஏட்டளவிலேயே நிற்கும். இதில் நகராட்சியின் பொறுப்பு மருத்துவமனையின் பொறுப்பினும் குறைந்ததன்று.