ஊசியும் வண்டிலும் ஒரே ஓட்டத்தில்

வீட்டிலேயே கணினிப் போர்வைத் தையல் மெசின் செய்ய வெளிக்கிடுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்டவாளம், மோட்டர், பட்டி எல்லாம் பூட்டி, தையல் தலையைச் சுமக்கும் வண்டிலை ஓட்டுவது கஷ்டமில்லை. வண்டில் மெதுவாகும்போது ஊசியும் மெதுவாகவேண்டும், வண்டில் நின்றால் ஊசியும் நிற்கவேண்டும். இது சரிவராமல் ஒருவருடைய துணியைச் சட்டத்தில் ஏற்றவே கூடாது. எனக்கு இதைச் சொல்லவேண்டிய ஆள் சொல்லவில்லை. அதற்கான விலையை நான்தான் கொடுத்தேன்.

இணுவிலில் எனக்கு ஒரு தையல் கடை. வெளிநாட்டில் இருக்கும் எங்கட சனம் தாயின், அம்மம்மாவின் சேலைகளை அனுப்பிப் போர்வையாக்கித் தரச் சொல்லுவார்கள். மேலே சேலைத் துண்டுகள், நடுவில் பொலியெஸ்ரர் பஞ்சுத் தாள், கீழே பருத்தி. மூன்றையும் சேர்த்து முழுப்பரப்பிலும் கோலம் ஓடித் தைக்கவேண்டும். கையால் தைத்து என் முழங்காலும் கண்ணும் போய்விட்டன. அமெரிக்காவில் காமில் நிறுவனம் விற்கும் ஸ்டாட்லர் போன்ற மெசின்களை எங்கள் வருமானத்தில் நினைத்தும் பார்க்கமுடியாது. கடன் எடுக்கச் சொன்னார்கள். போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் எடுத்து, வாராவாரம் வாசலில் வந்து நிற்பவருக்குக் கட்டமுடியாமல் நகையும் நிம்மதியும் இழந்த பெண்களைப் பார்த்தவள் நான். கடன் வேண்டாம் என்றேன். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாம் தெரிந்த விசயங்கள்தான். உங்களிடமும் ஒரு பழைய நேர்த்தையல் தலை மூலையில் கிடக்கும், வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்ப ஒரு சொந்தக்காரர் இருப்பார். சட்டத்துக்கு அலுமினியக் கதவு செய்யும் கடையில் வெட்டிய நீளங்கள், ஓட்டத்துக்கு வி-சில்லுகள். இரண்டு திசைக்கும் நீமா 23 மோட்டர்கள், 5 மில்லிமீற்றர்ப் பல்லிடைவுள்ள பட்டி, 20 பல் கப்பி. மூளையாக ஆர்டுயினோ ஊனோ, அதில் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நோர்வேக்காரர் 2009இல் தொடங்கிவைத்தது அது. உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைகளில் மரம் செதுக்குகிறவர்களும் லேசர் வெட்டுகிறவர்களும் பலர் அதை வைத்திருக்கிறார்கள். தலையில் துணி இழுக்கும் பல்லைக் கழற்றிவிட்டு, ஊசியோடு சேர்ந்து துள்ளும் டானிங் பாதத்தைப் பூட்டினேன். ஊசியை ஓட்ட, ஆடைத் தொழிற்சாலைகளில் வருகிற சேவோ மோட்டர். தலை, மோட்டர், தட்டு எல்லாம் சேர்ந்து நல்ல பாரம். துணியை நகர்த்தாமல் தலையை நகர்த்தும் முறையையே எடுத்தேன். சுருட்டிய போர்வையின் எடை வரிசைக்கு வரிசை மாறும், தலையின் எடை மாறாது. துணியை நகர்த்தச் சொன்ன பொறியியல் படித்த பெடியன்களோடு வாதாடித்தான் இதைச் செய்தேன். வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைப் பின்னர் அவர்களே வந்து பார்த்தார்கள்.

சாமான் எடுத்த காலம் 2022. நாட்டில் டொலர் இல்லை, கப்பலில் வந்த பெட்டி சுங்கத்தில் கிடந்தது, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆனால் எங்களுக்கு இது புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றரிகூட வடக்குக்கு வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் செய்து, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். என்ர ஐயாவும் அப்படி ஓட்டியவர்தான். அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் இந்த மெசின் பிறந்திருக்காது. ஆனால் அதே பழக்கத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஓடினால் போதும் என்று எங்கள் கை பழகிவிட்டது, அளந்து பார்க்கிற பழக்கம் குறைவு. பட்டறையில் உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் வண்டில் ஓடியதும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கோலத்தின் நுனியில் ஊசி என்ன செய்கிறது என்று குனிந்து பார்க்க ஒருவரும் நிற்கவில்லை.

ஊசி மோட்டரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். ஊசியின் வேகம் வண்டிலோடு ஒத்துப்போகுமா என்று அங்கே நின்று கேட்டேன். “அதையெல்லாம் பெட்டியே பாத்துக்கொள்ளும் அக்கா, நீங்க தைக்கிறத மட்டும் பாருங்க” என்றார் கடைக்காரர். ஒரு பெண் மின்சுற்றைப் பற்றிக் கேட்டது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. உண்மையில் அந்தப் பெட்டியில் ஊசிக்கு இருந்தது ஓடு, நில் என்ற இரண்டு கட்டளைகள் மட்டும்.

வெள்ளைப் பருத்தியில் ஓட்டிப் பார்த்தபோது குறை தெரியவில்லை. பருத்தி தாங்கும். அடுத்து ஏறியது ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் அனுப்பிய, காலமான தாயாரின் கூறைச் சேலை. மாங்காய்க் கோலம் கேட்டிருந்தார். மாங்காய்க்குக் கூரான நுனி உண்டு. வண்டில் நுனிக்கு வரும்போது வேகத்தைக் குறைத்து, திரும்பி, மீண்டும் வேகமெடுக்கும். ஊசியோ அதே வேகத்தில் குத்திக்கொண்டே இருந்தது. சட்டத்திலிருந்து அவிழ்த்துக் கையில் தூக்கியபோது, ஒவ்வொரு மாங்காயின் நுனியிலும் தபால் முத்திரை ஓரம்போலத் துளைகள் நெருங்கி நின்றன. மெதுவாக இழுத்தேன். பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுக்கொடுத்தது. கரையில் இருந்த சரிகையில் நூல் சிக்கி, சரிகை இழை மேலே எழும்பி நின்றது.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டு பழசு, அதுதான் கிழிந்தது என்றார். பழசுதான். முப்பது வருசம் பெட்டியில் மடித்து வைத்த மடிப்பில்கூடக் கிழியாத பட்டு அது. அந்தப் பெண்ணுக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கூறையைத் திருப்பிக் கொடுக்க யாரால் முடியும்?

கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீற்றர்த் தையல் வேண்டும், ஊசி நிமிடத்துக்கு 800 முறை குத்துகிறது என்றால், வண்டில் நிமிடத்துக்கு 2400 மில்லிமீற்றர் போகவேண்டும். அதாவது செக்கனுக்கு 40. நுனியில் வண்டில் செக்கனுக்கு 4 மில்லிமீற்றராகக் குறைந்து, ஊசி மட்டும் 800இலேயே நின்றால், தையல் நீளம் 0.3 மில்லிமீற்றர். பட்டை வெட்ட இது போதும்.

வழி ஜிஆர்பிஎல்லுக்குள்ளேயே இருந்தது. அதன் 1.1 பதிப்பில் லேசர்காரர்களுக்கென்று ஒரு முறை உண்டு. $32 என்ற அமைப்பை 1 ஆக்கி, எம்4 கட்டளை கொடுத்தால், வண்டிலின் அந்த நேரத்து வேகத்துக்கு ஏற்ப லேசரின் பலத்தை அதுவே கூட்டிக் குறைக்கும். மூலையில் பலகை கருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. லேசருக்குப் போகிற அதே சமிக்ஞையை ஊசி மோட்டருக்கு விட்டால் என்ன? யோசனை அக்காவின் மகனுடையது. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். “சின்னம்மா, ஊசியையும் லேசர் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ” என்றான். ஆர்டுயினோவின் 11ஆம் முனையிலிருந்து வரும் துடிப்பை ஒரு தடையும் ஒரு மின்தேக்கியும் வைத்துச் சீராக்கி, சேவோ மோட்டரின் மிதி கொடுக்கும் மின்னழுத்தத்துக்குப் பதிலாகக் கொடுத்தோம். உச்ச வேகத்துக்கான $30இல் 800, கோலத்தில் ஊசிக்கு எஸ்800, வண்டிலுக்கு எஃப்2400. ஜி0 கட்டளையில் தைக்காமல் தாவும்போது ஊசி தானே நிற்கும். கொழும்புப் பெட்டி இப்போது அலுமாரியின் மேல் கிடக்கிறது.

ஆனால் இணைத்தவுடன் சரிவராது, இங்கேதான் பொறுமை வேண்டும். மிதி பூச்சியத்தில் தொடங்காது. ஒரு குறிப்பிட்ட வோல்ற்று வரும்வரை மோட்டர் அசையவே அசையாது. அந்தத் தொடக்க அளவை மீற்றரால் அளந்து, மென்பொருளின் ஆகக்குறைந்த துடிப்பை அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். பிறகு ஒரே நேர்கோட்டை வெவ்வேறு வேகங்களில் தைத்து, ஒவ்வொன்றிலும் 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை தையல் என்று ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். எல்லாக் கோட்டிலும் 33ஐ ஒட்டி வரவேண்டும். மெதுவான கோட்டில் 50 வந்தால் ஊசி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, தொடக்க அளவைக் குறையுங்கள். 20 வந்தால் கூட்டுங்கள். வேகத்தை 40க்கு மேல் ஏற்ற ஆசைப்படவேண்டாம். ஊசி துணிக்குள் நிற்கும் கணத்திலும் வண்டில் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வேகம் கூடினால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும். நான் 16ஆம் இலக்க ஊசிதான் பாவிக்கிறேன்.

தூர அளவு: 200 படி மோட்டர், எட்டில் ஒரு நுண்படி, ஒரு சுற்றுக்கு 100 மில்லிமீற்றர். கணக்குப்படி மில்லிமீற்றருக்கு 16 படி. கணக்கை நம்பாதீர்கள். 1000 மில்லிமீற்றர் போகச் சொல்லி இரும்பு நாடாவால் அளந்தால், உதாரணத்துக்கு, 996 தான் போயிருக்கலாம். 16ஐ 1000ஆல் பெருக்கி 996ஆல் வகுத்தால் 16.064, அதைப் போடுங்கள். இந்த அளவை வெறும் வண்டிலில் எடுக்கவே வேண்டாம். தலையும் மோட்டரும் ஏற்றி, துணியும் இழுத்துக் கட்டிய பிறகுதான் எடுக்கவேண்டும். வெறும் வண்டிலில் எடுத்த எண் பாரம் ஏறியதும் மாறலாம். சட்டத்தின் மூலைக்கு மேசன்மாரின் வழியே போதும்: ஒரு பக்கம் 600, மறுபக்கம் 800, குறுக்கே சரியாக 1000. பிறகு ஊசியிடத்தில் பேனையைக் கட்டி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சாய்வாக நீண்டிருந்தால் மூலை இன்னும் சரியில்லை. திரும்பும் இடத்தில் சிறு தட்டை விழுந்தால் பட்டி தளர்ந்திருக்கிறது.

ஊசி மோட்டர் எழுப்பும் மின்னிரைச்சலால் எல்லைச் சுவிட்சுகள் பொய்யாக அடிக்கும், மெசின் நடுக்கோலத்தில் நின்றுவிடும். கவசக் கம்பி போட்டு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் 0.1 மைக்ரோஃபரட் மின்தேக்கி வையுங்கள். மின்சாரம் போனால் வண்டில் தன் இடத்தை மறக்கும். ஆகவே ஒரு போர்வையை ஒரே கோப்பாகக் கொடுக்காமல் வரிசை வரிசையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தொடக்கப் புள்ளியைத் துணியில் சோக்கால் குறியுங்கள். கடற்காற்று இரும்பை விடாது. வி-சில்லின் ஆணிகளை மாரி தொடங்க முன்பே எண்ணெய்த் துணியால் துடைத்துவிடவேண்டும்.

பெண்ணுக்கு இது ஏன், அந்தக் காசுக்கு ரெண்டு பேரை வேலைக்கு வைக்கலாமே என்று ஒழுங்கைக்குள்ளேயே கதைத்தார்கள். இன்றைக்கு இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒருத்தி கோப்புத் தயாரிக்கிறாள், மற்றவள் துணி ஏற்றுகிறாள். சம்பளம் மாதம் தவறாமல் போகிறது.

பழைய பட்டு கொண்டு வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது முந்தானையின் உள்மடிப்பிலிருந்து ஒரு சாண் துண்டு. அதே பஞ்சு, அதே நூல், அதே கோலத்தின் ஆகக் கூரான நுனி. அதைத் தைத்து, இழுத்துப் பார்த்து, எஸ், எஃப் எண்களைத் துண்டின் ஓரத்தில் எழுதி அவர்களிடமே காட்டுகிறேன். துண்டு தர மனமில்லாதவர்களின் சேலையை வாங்குவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.