ஆடிப் பட்டமும் பழைய இரும்புப் பீப்பாயும்

தணிகை மலைக்குக் காவடிகள் செல்லும் இந்த ஆடி மாதத்தில், மாலை மழையில் மண் குளிர்ந்த தருணம் பார்த்துக் கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை முதலியவற்றை விதைப்பது நம் பக்கத்துக் குடியானவர்களின் வழக்கம். காணி நிலமில்லாத ஆர்.கே.பேட்டை வாசிகளும் இதே பட்டத்தில், பழைய இரும்புக் கடையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் மாறிய பீப்பாய்களையும் எண்ணெய் டின்களையும் வாங்கி, மாடியிலோ முற்றத்திலோ தோட்டம் போட இப்போதே முனையலாம்.

பாத்திரத்தின் வயதைப் பற்றிக் கவலை வேண்டாம்; துரு செடியைக் கொல்வதில்லை. முன்பு அதில் என்ன இருந்தது என்பதே அவசியம் விசாரிக்க வேண்டிய விஷயம். தறிகள் ஓடும் ஊர்களில் சாயமும் காஸ்டிக் சோடாவும் வந்த டிரம்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உண்ணும் கீரைக்கும் காய்க்கும் அவற்றை உபயோகிக்கலாகாது. பூச்சிமருந்து டப்பா, பேட்டரிப் பெட்டி, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் குழாய் ஆகியவையும் அப்படியே. தின்னரோ பெட்ரோலோ இருந்த பீப்பாயைக் காஸ் வைத்து அறுக்கச் சொல்வது பேரபாயம். காலியாகத் தோன்றும் அதனுள் தங்கியுள்ள ஆவி தீப்பொறி பட்டதும் வெடித்து உயிரையே வாங்கிவிடும். அத்தகைய பீப்பாயை வாங்காதிருப்பதே உத்தமம்.

இரும்பு வெயிலில் காய்ந்து வேரைச் சுடும் என்பதால், வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசி, உட்புறம் கோணிச் சாக்கை விரித்து, அடியில் விரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் இட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சமபாகம். வேப்பம்பிண்ணாக்கு இரண்டு பிடி. கீரைக்கு அரையடி ஆழம் போதும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓரடி வேண்டும். 200 லிட்டர் பீப்பாயின் பாதியில் ஈரமண் நிரம்பினால் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் அதைக் கீழே சுவரோ உத்திரமோ தாங்கும் இடத்தில் வைப்பதே உசிதம்.

ஓட்டம் நின்ற விசைத்தறியின் இரும்புச் சட்டம் அவரைக்கும் புடலைக்கும் அருமையான பந்தல். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், இடிந்த வீடுகளின் ஓடு, பீங்கான், தொழிற்சாலைக் கழிவு இவற்றைச் சேர்த்தே ஒரு பெருந்தோட்டம் அமைத்தார்; 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கழிவை மதிக்கத் தெரிந்தவர்க்கு அழகுக்குப் பஞ்சமில்லை.

ஐப்பசி அடைமழைக்கு முன் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று பாருங்கள். தொட்டிகளின் அடித்தட்டில் நீர் நின்றால் டெங்குக் கொசு பெருகும். அத்தட்டை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துக் காயவிடுங்கள். விதைப்பை மட்டும் ஆடி கழியுமுன் முடித்துவிடுங்கள்.