ஸ்ட்ரக்ட் எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்கு

மாணவரின் பெயர், வயது, மதிப்பெண் மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் வாங்கி வரிசையாக அச்சிட வேண்டும். சி மொழி படிக்கிறவர் எல்லோருக்கும் வரும் பயிற்சிதான். அதில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

1. கம்பைல் செய்யும்போது மைனஸ் டபிள்யூ-ஆல் சேருங்கள். எரர் எத்தனை வந்தாலும் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்ட்ரக்டின் கடைசி அடைப்புக்குப் பின் செமிகோலன் விட்டுப்போனால், கீழே ஒழுங்காக இருக்கும் வரியின் மேல் பழி விழலாம்.

2. மதிப்பெண் ஃப்ளோட் என்றால் அச்சிட % போட்டு எஃப். டி போட்டால் 87.5 வராது, சம்பந்தமே இல்லாத எண் வரும். பிரிண்ட்எஃப் வகையைச் சோதிக்காது, நீங்கள் எழுதிய குறியை அப்படியே நம்பும். ஸ்ட்ரக்டையும் அந்த வரியையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள்.

3. ஸ்கேன்எஃபில் வயதுக்கு ஆம்பர்சண்ட் வேண்டும், பெயருக்கு வேண்டாம்.

4. வயது தப்பாக வந்தால் முதலில் பெயரைச் சந்தேகியுங்கள். ‘கமலா தேவி’ என்று கொடுத்தால் % எஸ் இடைவெளியிலேயே நின்றுவிடும். மிச்சமுள்ள ‘தேவி’ வயதின் வாசலில் நிற்கும். எண் கிடைக்காத ஸ்கேன்எஃப் எதையும் எழுதாது, அந்த இடத்தில் பழைய குப்பையே இருக்கும். எஃப்கெட்ஸில் வாங்கினால் முழுப் பெயரும் வரும். கூடவே ஒட்டிவரும் நியூலைனை வெட்டிவிடுங்கள்.

5. தமிழில் பெயர் கொடுத்துப் பார்க்க ஆசை வரும், வரட்டும். ஆனால் பெயருக்கு இருபது இடம் தாராளம் என்று நினைக்காதீர்கள். ‘முருகன்’ நமக்கு நாலெழுத்து. யூடிஎஃப்-8-இல் உகரக் குறிகள், புள்ளி எல்லாம் தனித்தனி, ஒவ்வொன்றும் 3 பைட். மொத்தம் 21, முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 22. இருபது என்று சொல்லி எஃப்கெட்ஸில் வாங்கினால் பத்தொன்பதோடு நிறுத்திவிடும். புள்ளி பாதியில் அறுந்து, திரையில் ‘முருகன’ என்றும் நுனியில் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் தெரியும். மிச்ச பைட் அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் விழும். இடத்தை நூறாக்கினாலும், அகலம் கொடுத்து அச்சிடும் பட்டியல் கோணும். பிரிண்ட்எஃப் அகலத்தை எழுத்தில் அளப்பதில்லை, பைட்டில் அளக்கிறது.

6. எதுவும் பிடிபடவில்லையா? உள்ளீட்டை எடுத்துவிட்டு மதிப்புகளை நேரே எழுதி அச்சிடுங்கள். சரியாக வந்தால் கோளாறு வாங்கும் இடத்தில்.

7. யாரிடமாவது கேட்பதானால் கோடையும் எரர் வரியையும் எழுத்தாகவே அனுப்புங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த திரையின் போட்டோவில் செமிகோலன் தெரியாது.