பிறை பார்க்கத் தொலைநோக்கி: செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள்

நம்முடைய நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையைக் கொண்டே அமைகின்றன. ஆகவே வானத்தை நோக்குவது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. இந்நாளில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கெனச் சிறு தொலைநோக்கி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஷஃபான் 29 அன்று மாலையில் அதை அவசரமாக மாடிக்குத் தூக்கிச் சென்று, ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக் கொள்வோர் உண்டு. குறை பெரும்பாலும் கருவியில் இல்லை; முன்னேற்பாடு இல்லாமையில் இருக்கிறது.

முதலாவது, ஸ்டாண்டு அசையக்கூடாது. அதன் மூன்று கால்களையும் முழுக்க நீட்டாமல் தாழ்வாக வைத்து, நாற்காலியில் அமர்ந்து பார்ப்பதே நல்லது. திருகுகளை நன்றாக இறுக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, பெரிய குழலின் மேல் ஒரு சிறு குழல் இருக்கும். வானில் இடம் தேடிக் கொடுப்பது அதுவே. பகலில், சூரியன் இருக்கும் பக்கத்தை விட்டு வேறு திசையில், 1 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மினாராவின் உச்சியைப் பெரிய குழலின் நடுவில் கொண்டு வாருங்கள். பிறகு சிறு குழலின் திருகுகளைத் திருப்பி, அதிலும் அதே உச்சி நடுவில் வரும்படிச் செய்யுங்கள். இதைச் செய்யாதவர் இரவில் சந்திரனைக்கூடத் தேடி அலைவார்.

மூன்றாவது, கண்ணருகே வைக்கும் வில்லை. அதில் பொறித்த எண் பெரிதானால் பெருக்கம் குறைவு. 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள கருவியில் 20 மி.மீ. வில்லை 35 மடங்கு பெருக்கும், 4 மி.மீ. வில்லை 175 மடங்கு பெருக்கும். ஆயினும் 60 மி.மீ. முகப்புள்ள கருவிக்கு 120 மடங்கே ஏறத்தாழ எல்லை. அதற்கு மேல் உருவம் மங்கும். எனவே பெரிய எண்ணைக் கொண்டே தொடங்க வேண்டும்.

நான்காவது, முந்திய இரவில் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகத் தெரியும்வரை திருகிச் சரிசெய்து, குழல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். மெல்லிய பிறை, உருவம் தெளிவாக இல்லாதபோது கண்ணுக்கே படாது.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. சூரியன் முழுவதும் மறையும்வரை மேற்கே கருவியைத் திருப்பவே கூடாது. தொலைநோக்கி வழியே ஒரு கணம் சூரியனைக் கண்டாலும் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். விழித்திரைக்கு வலி தெரியாதாகையால், கெட்டது உடனே புலப்படவும் செய்யாது. சில பெட்டிகளில் கண்வில்லையில் மாட்டச் சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்று தருவார்கள். அது வெப்பத்தில் வெடித்துவிடும், அதை எறிந்துவிடுங்கள். பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

சூரியன் மறைந்தபின், மறைந்த இடத்திற்கு மேலே, சற்று வலமும் இடமுமாகத் தேட வேண்டும். பிறையின் ஒளிபெற்ற வளைவு சூரியன் இருக்கும் பக்கத்தையே நோக்கும். நம் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஓடம் போலக் காணும். ஆனால் கருவியில் உருவம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும் என்பதை மறந்துவிடலாகாது.

ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. நூறு வயதை நெருங்கிய அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பிறையைக் கண்டதாகக் கூறினார்கள். வேறு எவருக்கும் அது தெரியவில்லை. பஸராவின் காஜி இயாஸ் இப்னு முஆவியா அவர்கள், அன்னாரின் புருவத்திலிருந்து கண்ணின் முன் வளைந்து நின்ற வெள்ளை முடியை மரியாதையுடன் ஒதுக்கிவிட்டு, மீண்டும் பார்க்கச் சொன்னார்கள். இப்போது தெரியவில்லை என்றார்கள் அன்னார்.

கண்ணாடிக்கும் அத்தகைய முடிகள் உண்டு. தூசி, கீறல், ஒளிபட்ட மேகக்கீற்று எல்லாம் பிறைபோல் தோன்றும். கண்வில்லையை மெல்லச் சுழற்றுங்கள். கூடவே சுழல்வது அதன் தூசியே. இடத்தைச் சொல்லாமல் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கருவியை விட்டு வெறுங்கண்ணாலும் தேடுங்கள்.

தொலைநோக்கியால் மட்டும் கண்ட பிறையை ஏற்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்தீர்ப்பு காஜிக்கும் ஜமாஅத்துக்கும் உரியது. எவ்வாறு கண்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்வதே நம் பொறுப்பு. ஒருவர் சொல்லைக் கொண்டு ஊரே நோன்பு வைக்கிறது, பெருநாள் கொண்டாடுகிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதிருப்போமாக. அல்லாஹு தஆலா நம் கண்களையும் நாவுகளையும் காத்தருள்வானாக, ஆமீன்.