இழப்பு மீட்டலும் இனப்பெருக்கமும்: ஆற்றுவாழை தரும் பாடம்

இழந்த உறுப்பை ஓர் உயிர் தன் உடலில் மீண்டும் வளர்த்துக்கொள்வது இழப்பு மீட்டல் எனப்படும். ஓர் உயிரிலிருந்து புதிய உயிர்கள் தோன்றுவது இனப்பெருக்கம் ஆகும். முன்னதில் உயிர்களின் தொகை கூடுவதில்லை, பின்னதில் கூடும். இவ்வேறுபாட்டை அறியாது களையெடுக்கும் கமக்காரரின் உழைப்பு வீணாகும்.

மட்டக்களப்பு வாவியில் வாழும் நண்டு, பகையிடம் அகப்பட்ட காலை உதறிவிட்டுத் தப்பும். அடுத்து ஓடு கழற்றும்போது புதுக் கால் சிறிதாக வெளிப்பட்டு, பின்னர்க் கழற்றுந்தோறும் பெரிதாகும். நண்டு ஒன்றே; ஆகவே இஃது இழப்பு மீட்டல். நண்டின் முட்டைகளிலிருந்து இளநண்டுகள் தோன்றுவது இனப்பெருக்கம்.

நன்னீர் வாய்க்கால்களில் மிதக்கும் ஆற்றுவாழையில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்களையைத் தடுக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இதன் இலைகளை மட்டும் அரிந்தால், அடித்தண்டின் குருத்து மீண்டும் இலைவிடும். இஃது இழப்பு மீட்டல். அடியிலிருந்து பக்கவாட்டில் ஓடும் தண்டுகளின் நுனியில் சேய்ச்செடிகள் உண்டாகும், இஃது இனப்பெருக்கம். ஏற்ற சூழலில் ஏறக்குறைய 2 வாரங்களில் செடிகள் இருமடங்காகக்கூடும். விதைகளோ சேற்றிற் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும்.

சிலவற்றில் இவ்விரு செயல்களும் ஒன்றாகின்றன. 1939இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா வித்துக்களாற் பெருகுவதில்லை. எனினும் அஃது உடைந்தால், அரும்புள்ள ஒவ்வொரு துண்டும் குறையை நிரப்பித் தனிச் செடியாகும். வற்றாளைக் கொடியை வெட்டி நடும்போது கமக்காரர் வேண்டுவதும் இதுவே. பயிரில் நன்மையாவது களையிற் கேடாகின்றது.

ஆகவே பின்வருவன கைக்கொள்ளத் தக்கன:

1. ஆற்றுவாழையின் இலையை அரிந்துவிடாது, அடித்தண்டு, வேர், சேய்ச்செடி யாவற்றையும் சேர்த்து அகற்றுக.
2. பூக்குமுன் அகற்றுக. பூவாத செடிகளை உலர்த்திக் கூட்டெருவில் இடலாம்.
3. சல்வீனியாவை நீரில் வைத்துச் சிதைக்காது, வலையால் வாரி எடுக்க.
4. அகற்றியவற்றை வெள்ளம் எட்டாத மேட்டில் குவிக்க.
5. ஒரே வாய்க்காலைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒருங்கே துப்புரவு செய்க. ஒருவர் விட்ட செடி மற்றவர் வயலையும் சென்றடையும்.

இப்பணி மாரி மழைக்கு முன்னரே முடிதல் வேண்டும். வாய்க்கால் அடைபடின் பெரும்போக வெள்ளம் வடியாது வயலிற் தேங்கி, இளம் நெற்பயிர் அழுகும்.